வளாக மேடை: வாசகர் கேள்வி – பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல்கலைக்கழக, கல்லூரி விழாக்களை எடுத்து நடத்தும் மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

துறைக் கலைவிழாவைத் திறந்தவெளி மேடையில் நடத்த ஆசை. நவம்பரில் வைக்கலாமா?
– முதுகலை மாணவர்கள், பல்கலை நகர்

வேண்டாம். அக்டோபரில் பிடிக்கிற வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை எப்போது வரும், எப்போது விடும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு செமஸ்டர் தேர்வும் அந்த மாதம்தான். ஆகஸ்ட், செப்டம்பரையும் நம்பாதீர்கள். பகல் முழுக்க வெயில் காய்ந்துவிட்டு, சரியாக நீங்கள் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்துக்கு இடியோடு கொட்டும். துணிப் பந்தலில் தண்ணீர் தொட்டிபோலத் தேங்கி, பாரம் தாங்காமல் சவுக்குக் கழியோடு சேர்ந்து இறங்கும்.

பொங்கல் வாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் ஊரே போய்விடும். ஏப்ரல், மே என்றால் சித்திரைத் திருவிழா. பேருந்து எல்லாம் சுற்றுப்பாதை, கூடவே தேர்வு. மிஞ்சுவது ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் பாதி வரை. அதிலும் தைப்பூசத் தெப்பத் திருவிழா நாளைத் தள்ளிவையுங்கள். பிறகு தினசரி நாள்காட்டியைக் கிழிக்காமல் புரட்டி முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தன்று மைக்செட், ஜெனரேட்டர், சமையல் மாஸ்டர் மூன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். மாசி, பங்குனியில் கிராமத்துக் கோயில் கொடைகளும் சேர்ந்துகொள்வதால் நல்ல மைக்செட்டுக்கு ஒரு மாதம் முன்னரே முன்பணம் கொடுத்துவிடுவது உத்தமம்.

தேதியைப் போலவே முடியும் நேரத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பல்கலை நகர் தேனி சாலையில், நகரிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பெரியார் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ பேருந்து மாறவேண்டிய மாணவிக்கு 8 மணிக்குமேல் மனசு மேடையில் இருக்காது. உங்கள் சிறந்த நிகழ்ச்சியை 9 மணிக்கு வைத்தால் காலி நாற்காலிகள்தான் பார்க்கும்.

அழைப்பிதழில் காலை 10 மணி என்று போட்டு 11.30க்குத்தான் தொடங்குகிறோம். கலைநிகழ்ச்சிக்கு நேரமே மிஞ்சுவதில்லை. எங்கே கோளாறு?
– உதவிப் பேராசிரியர், திருமங்கலம்

பெரும்பாலும் பொன்னாடையில். மேடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயரைச் சொல்லி, அணிவிப்பவரின் பெயரையும் சொல்லி, அவர் எழுந்து வந்து, போர்த்தி, நினைவுப் பரிசைக் கொடுத்து, புகைப்படக்காரர் ‘சார், இந்தப் பக்கம்’ என்று கூப்பிட்டு முடிய ஆளுக்கு ஒன்றரை நிமிடம். எட்டுப் பேருக்கு 12 நிமிடம் போயாயிற்று. அத்தனை பேரும் ‘வாழ்த்துரை’ வழங்கினால் இன்னும் 40 நிமிடம்.

எங்கள் கணக்கு இது: வரவேற்புரை 3 நிமிடம், தலைமையுரை 5, சிறப்புரை 25, நன்றியுரை 2. வாழ்த்துரை கிடையாது, மேடையில் ஐந்து நாற்காலிக்கு மேலும் கிடையாது. மற்ற பெருமக்களை முதல் வரிசையில் உட்காரவைத்து, வரவேற்புரையிலேயே பெயர் சொல்லிவிடலாம். மரியாதைக்கு ஒரு குறைவும் வராது. இந்த நேரங்களை உங்கள் தாளில் மட்டும் வைத்துக்கொண்டு பலனில்லை. பேசுபவருக்கு முதல் நாளே சொல்லுங்கள். அன்றைக்கு மேடைக்கு எதிரே, அவர் கண்ணில் படும்படி ஒருவர் அட்டையோடு நிற்கட்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்தையும் ஒத்திகையில் சேருங்கள். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, முல்லைப்பாணி எனும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும், பல்கலைக்கழகம், கல்வி நிறுவன விழாக்களில் இசைத்தட்டு போடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் அரசாணையிலேயே இருக்கிறது. வழக்கமாக நடக்கும் தப்பு, சுருதிப்பெட்டி இல்லாமல் ஒருவர் மேலே எடுத்துவிடுவதும், உச்சத்துக்குப் போகும் இடத்தில் எல்லாக் குரலும் உடைவதும். நான்கு பேர் போதும். கைபேசிச் செயலியிலாவது சுருதி வைத்துக்கொண்டு, நாலைந்து முறை கடிகாரம் பார்த்துப் பாடிப் பழகட்டும். சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் பசுமலை அரசு இசைக் கல்லூரியில் விசாரியுங்கள்.

கலைநிகழ்ச்சிப் பகுதியில் நேரத்தைத் தின்பது ஆட்டமில்லை, இரண்டு ஆட்டத்துக்கு நடுவிலான இடைவெளி. பத்துப் பேர் ஆடும் நடனத்துக்கு அடுத்தாற்போல் இன்னொரு பத்துப் பேர் நடனம் வைக்காதீர்கள். நடுவில் திரைக்கு முன்னால் நின்று ஒருவர் பலகுரல் செய்யட்டும், தனிப்பாடல் பாடட்டும். பின்னால் மேடை மாறிவிடும். தொகுப்பாளர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கவிதை சொன்னால் 20 நிகழ்ச்சிக்கு 20 நிமிடம். அந்தக் கவிதைகள் பெரும்பாலும் கவிதையாகவும் இருப்பதில்லை. பாட்டுகளை எல்லாம் முந்தின நாளே ஒரே மடிக்கணினியில் 01, 02 என்று எண் போட்டு ஏற்றுங்கள். கைபேசியிலிருந்து பாட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றால் ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். பரதம் நடுவில் அம்மா அழைப்பது ஆயிரம் பேருக்குக் கேட்டுவிடும்.

எங்கள் அரங்கில் மைக் ஊளையிடுகிறது. மைக்செட்காரர் ‘ஹால் சரியில்லை’ என்கிறார். ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் விடாமல் வருகிறது.
– மாணவர் பேரவைச் செயலர், மதுரை

இரண்டும் வெவ்வேறு நோய்.

ஊளை என்பது, ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவது. முதலில் ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பேச்சாளருக்குப் பின்னால், மேடையின் மூலையில் நின்றால் ஊளையிடாமல் என்ன செய்யும்? மைக்கைவிட இரண்டு மூன்று அடியாவது முன்னே, பார்வையாளர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மேடையிலிருப்பவர்கள் தங்கள் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாடுபவர்கள் பயன்படுத்தும் மைக் பெரும்பாலும் முன்பக்கச் சத்தத்தை வாங்கும், பின்பக்கத்தை விட்டுவிடும். பாடகர்கள் ‘ஸ்டைலாக’ மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் ஒரு காரணம். வலையை மூடினால் அந்தத் திசைக்குணமே போய், எல்லாப் பக்கமிருந்தும் சத்தம் வாங்கத் தொடங்கும்.

அடுத்தது, திறந்துகிடக்கும் மைக்குகள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முன் உங்களுக்கிருக்கும் இடம் 3 டெசிபல் குறையும். ஒரு மைக் போதும் என்கிற பேச்சுக்கு எட்டு மைக்கைத் திறந்து வைத்திருந்தால் 9 டெசிபலைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மிக்சரில் உட்கார்ந்திருப்பவருக்கு நிகழ்ச்சி நிரலைத் தாளில் கொடுங்கள். யார் எப்போது பேசுவார் என்று தெரியாதவர், பாவம், எல்லாவற்றையும் திறந்துதான் வைத்திருப்பார். ‘சத்தம் பத்தலை’ என்று பின்வரிசையிலிருந்து கை காட்டினால் உடனே கூட்டுவதற்குப் பதில், பேசுபவரை மைக்குக்கு நெருக்கமாக, நாலு விரல் தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் மைக்குக்குப் போகும் குரல் 6 டெசிபல் கூடும். காசு செலவில்லாத வழி இது.

‘ம்ம்ம்’ என்கிற இரைச்சல் மின்சாரத்தினுடையது. விளக்குகளும் மைக்செட்டும் ஒரே மின் பேஸில் இருந்தாலோ, மடிக்கணினி ஒரு பிளக்கிலும் மிக்சர் அரங்கின் மறுகோடியில் வேறொரு பிளக்கிலும் இருந்து எர்த் இரண்டு வழியாகச் சுற்றினாலோ வரும். சோதிக்க எளிய வழி: மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அகப்பட்டது. பாட்டு முடியும்வரை பேட்டரியில் ஓட்டலாம். அல்லது மைக்செட்காரரிடம் இந்த எர்த் சுற்றைத் துண்டிக்கும் ‘டிஐ பாக்ஸ்’ கேளுங்கள், வைத்திருப்பார். எர்த் பின்னை உடைத்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று சிரிப்பவரை மேடைப் பக்கமே விடாதீர்கள். ஈரத்தரையில் மைக்கைப் பிடிக்கிற பிள்ளையின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

நீளமான மைதானமாக இருந்து நடுவிலும் ஸ்பீக்கர் வைத்தால், பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சொல் இரண்டு முறை கேட்கும். ஒலி 34 மீட்டர் போக ஏறத்தாழ 0.1 விநாடி ஆகிறது. ஒயரில் வரும் சத்தமோ உடனே வந்துவிடுகிறது. 34 மீட்டரில் வைத்த ஸ்பீக்கருக்கு 100 மில்லி விநாடி ‘டிலே’ (தாமதம்) போடச் சொன்னால் எதிரொலி போய்விடும்.

எத்தனை கேவிஏ ஜெனரேட்டர் எடுப்பது? வாடகைக்காரர் 62.5 என்கிறார்.
– விழாக்குழு, நாகமலை புதுக்கோட்டை

கூட்டிப் பாருங்கள். எல்இடி பார் (PAR) விளக்கு ஒன்றுக்கு 150 வாட் வீதம் 16 விளக்குக்கு 2.4 கிலோவாட். சுழலும் விளக்கு 350 வாட் வீதம் ஆறு இருந்தால் 2.1. பன்னிரண்டுக்கு எட்டு அடி எல்இடி திரை முழு வெளிச்சத்தில் 6 கிலோவாட் வரை இழுக்கலாம். ஒலிக்கு 10 வைத்துக்கொள்ளுங்கள். பாதை விளக்கு, விசிறிகளுக்கு 1.5. மொத்தம் 22 கிலோவாட். 40 கேவிஏ என்றால் 0.8 என்ற திறன் காரணியால் பெருக்கி 32 கிலோவாட் தரும். அதில் 22 என்பது சுமார் 70 விழுக்காடு. சரியான அளவு. 62.5 எடுத்தால் டீசலும் வாடகையும்தான் கூடுதல். பழைய ஆயிரம் வாட் பார் விளக்குகள் வருகின்றன என்றால் மட்டும் கணக்கை மாற்றுங்கள். மூன்று பேஸில் ஒன்றை ஒலிக்கென்று தனியாக ஒதுக்கச் சொல்ல மறவாதீர்கள்.

இரவு 10 மணிக்குமேல் நடத்த அனுமதி கிடைக்குமா?
– மாணவர், மேலூர்

ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குக்குள் உள்ளே மட்டும் கேட்கும்படி நடத்தினால் விலக்கு உண்டு, திறந்தவெளிக்குக் கிடையாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டென்றாலும் அது உங்கள் துறை விழாவுக்காக இல்லை. பகலிலும் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இடம் மாநகரக் காவல் எல்லையா, மாவட்டக் காவல் எல்லையா என்று முதலில் தெரிந்துகொண்டு மனுவை எழுதுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்து ஒரு வாரம் வீணாக்குவதுதான் அதிகம் நடக்கிறது.

பறைக் குழுவை அழைத்திருக்கிறோம். அரங்குக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்கிறார் கண்காணிப்பாளர். குழுவினரோ காய்ச்சாமல் அடிக்க முடியாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– நாட்டுப்புறக் கலை மன்றம், மதுரை

இருவரும் சரி.

பறையின் சட்டம் வேப்பமரத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டை வைத்து இணைத்தது. அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். மிருதங்கம்போல் வாரோ, முறுக்கும் திருகோ இதில் இல்லை. விறைப்பைக் கூட்ட ஒரே வழி சூடு. காற்றிலுள்ள ஈரத்தைத் தோல் குடித்தால் தளர்ந்து ‘தொப்’ என்று விழும். வைக்கோலோ காய்ந்த ஓலையோ போட்டுக் காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் இறுகி ‘கணீர்’ என்று எழும். குளிரூட்டிய அரங்கிலிருந்து மழைக்கால வெளிக்காற்றுக்கு வந்தால் சீக்கிரமே மறுபடி இளகும். அவசரப்பட்டு நெருப்புக்கு மிக அருகில் பிடித்தால் தோல் வெடிக்கும், அல்லது விளிம்பில் பசை விடும். அனுபவசாலிகள் பறையைச் சுழற்றிக்கொண்டே காட்டுவதும், இடையிடையே விரலால் தட்டிக் காது கொடுப்பதும் அதற்காகத்தான்.

ஆகவே அரங்குக்கு வெளியே, பின்வாசலை ஒட்டி இல்லாமல் 20 அடியாவது தள்ளி, சிமெண்டுத் தரையில் இடம் கொடுங்கள். கீற்றுப் பந்தல், ஜெனரேட்டர், டீசல் கேன் எதுவும் பக்கத்தில் வேண்டாம். காற்றுக்கு மறைப்பாக ஒரு சுவர் இருந்தால் நல்லது. இரண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், நிற்க ஒரு ஆள். முக்கியமானது நேரக்கணக்கு: அவர்கள் மேடையேறுவதற்குச் சற்று முன்னால் காய்ச்சி முடிக்க வேண்டும். ‘அடுத்து நீங்கதான்’ என்று சொல்லிவிட்டு நடுவில் ஒருவரைப் பேசவிட்டீர்கள் என்றால் காய்ச்சியது வீண். ஃபைபர் தோல் போட்ட பறைகளுக்கு நெருப்பே தேவையில்லை, திருகி இறுக்கலாம். ஆனால் ஓசையில் உலோகச் சாயல் தட்டும். எது வேண்டும் என்பதைக் குழுவே தீர்மானிக்கட்டும்.

பறைக்கு ஆளுக்கொரு மைக் மாட்டாதீர்கள். இடக்கையில் மெல்லிய நீளமான மூங்கில் குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டும் வெவ்வேறு ஓசை. பக்கத்தில் மைக் வைத்தால் அடிக்குச்சி மட்டும் இடிக்கும், மூங்கில் குச்சியின் சிதறல் காணாமல்போகும். அரங்குக்குள் தலைக்குமேல் இரண்டு மைக் போதும். முந்நூறு பேர் நிற்கும் திறந்த வெளியில் ஒன்றுமே வேண்டாம். தரைவிரிப்பின் ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். அடவு மாற்றிப் பின்னால் வரும்போது கால் இடறுவது அங்கேதான். கரகம் வைத்திருந்தால் விரிப்பையே எடுத்துவிடலாம்.

கடைசியாக, கேட்காததையும் சொல்லிவிடுகிறோம். அழைப்பிதழில் ‘பறையாட்டம்’ என்று போடுவதா, ‘தப்பாட்டம்’ என்று போடுவதா என்பதைக் குழுத்தலைவரிடம் கேட்டு எழுதுங்கள். விருந்தினரை வாசலில் வரவேற்க அடிக்கச் சொல்லிவிட்டு, அவரோடு எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவது பல வளாகங்களில் வழக்கமாக இருக்கிறது, நல்ல வழக்கமில்லை. மேடை கொடுங்கள், 20 நிமிடம் கொடுங்கள், உடைமாற்ற அறை கொடுங்கள், கூலியை ஆட்டம் முடிந்த அன்றே கையில் கொடுங்கள். குழு கிடைக்கவில்லை என்றால் மதுரையிலேயே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது, கேட்கலாம்.

தென்மண்டல இளைஞர் விழாவுக்கு எங்கள் பல்கலைக்கழக அணி போகிறது. கல்லூரி விழாவில் பரிசு வாங்கிய நாடகத்தையே கொண்டுபோகலாமா?
– மாணவி, மதுரை

நாடகம் எவ்வளவு நேரம், எத்தனை பேர்? இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் அந்த விழாவில் ஓரங்க நாடகம் 30 நிமிடம். நடிக்க ஒன்பது பேர், துணைக்கு மூன்று பேர். மேடை அமைக்கவும் கலைக்கவும் சேர்த்து 10 நிமிடம். ‘ஸ்கிட்’ என்றால் ஆறு பேர், 10 நிமிடம். மைம் ஆறு பேர், ஐந்து நிமிடம். நாட்டுப்புற நடனத்துக்கு ஆடுபவர்கள் பத்துப் பேர், 10 நிமிடம். வயது அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1 அன்று 25க்குள். இவை நெடுநாள் விதிகள். இந்த ஆண்டுச் சுற்றறிக்கையோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் பரிசு நாடகம் பெரும்பாலும் 14 பேர், 45 நிமிடம் என்று இருக்கும். அதைக் கத்தரித்து 30க்குள் அடைப்பதைவிட ஒரு காட்சியை மட்டும் எடுத்து வளர்ப்பது நல்லது. 27 நிமிடத்துக்கு ஒத்திகை பாருங்கள். வெளியூர் மேடையில் சிரிப்பு, கைதட்டல், தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் தானாக ஏறும். ஓரங்க நாடகத்தைத் தமிழில் போடலாம், கதைச்சுருக்கத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மதுரைப் பேச்சு மொழியின் நக்கலை நம்பியே நிற்கிற காட்சிகள் அங்கே எடுபடாது. பார்க்க முடிகிற நகைச்சுவையாக மாற்றுங்கள்.

ஒத்திகைக்காக வகுப்பை விடுவதில் ஒரு கணக்கு: செமஸ்டருக்கு 90 வேலைநாள், 75 விழுக்காடு வருகை என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள், காய்ச்சலுக்கும் சேர்த்து. ‘ஓடி’ (ஆன் டியூட்டி) கடிதத்தைப் பெயர்ப்பட்டியலோடு போவதற்கு முன்னரே துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். போய்வந்து கேட்டால் கோப்பையைக் காட்டினாலும் நடக்காது.

சினிமாப் பாட்டுக்கு ஆடினால் காப்புரிமைக் கட்டணம் கேட்கிறார்களாமே?
– கல்லூரி முதல்வர், மதுரை மாவட்டம்

பதிப்புரிமைச் சட்டம் (1957), 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. நிறுவனத்தின் நடவடிக்கைகளில் ஒன்றாக, ஆசிரியர்களும் மாணவர்களும் நிகழ்த்துவது அதில் வரும். ஒலிப்பதிவைப் போட்டு ஆடினால், பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். வெளியாட்களுக்கு டிக்கெட் விற்றாலோ, விளம்பரதாரர் பெயரில் ஊரையே அழைத்து இசைக்கச்சேரி வைத்தாலோ அந்த வேலிக்கு வெளியே போய்விடுகிறீர்கள். உரிமதாரர்களிடம் உரிமம் வாங்கித்தான் ஆகவேண்டும். அரங்கில் ஆட விலக்கு இருப்பதால் அந்தக் காணொளியை யூடியூபில் ஏற்றவும் விலக்கு என்று நினைக்க வேண்டாம். அது தனி. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ஒலி துண்டிக்கப்பட்டுவிடும், அல்லது காணொளியே போய்விடும்.

எங்கள் விழாச் செய்தி நாளிதழ்களில் வருவதே இல்லை. வந்தாலும் இரண்டு வரி. எப்படி அனுப்புவது?
– ஊடகக் குழு மாணவி, மதுரை

நீங்கள் இணைத்திருந்த செய்திக்குறிப்பு இப்படித் தொடங்குகிறது: ‘எங்கள் துறையின் சார்பில் நாட்டுப்புறக் கலைவிழா மிகச் சிறப்பாக நடைபெற்றது. விழாவில் மாணவ மாணவியர் திரளாகக் கலந்துகொண்டனர்.’ இதற்குப் பின் 11 பேரின் பதவியும் பட்டமும் வருகின்றன. செய்தி எங்கே? உதவி ஆசிரியர் தேடமாட்டார். மாலையில் அவர் மேசையில் இப்படி முப்பது குறிப்பு கிடக்கும்.

உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஒயிலாட்டமே ஆடிப் பழகாத மாணவர்கள் 40 பேர், மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் மூத்த கலைஞர்களோடு ஒரே மேடையில் ஆடினர்.’ முதல் வரியில் யார், என்ன செய்தார்கள். இரண்டாவதில் எங்கே, எப்போது. மூன்றாவதில் பேச்சாளர் சொன்னதில் ஒரே ஒரு புது விஷயம். ‘மாணவர்கள் கடுமையாக உழைக்க வேண்டும்’ என்பது புது விஷயம் இல்லை. தலைமை, முன்னிலை, நன்றி எல்லாம் கடைசிப் பத்தியில். வெட்டுபவர் கீழிருந்துதான் வெட்டுவார். மொத்தம் 150 சொல்லுக்குள் நிறுத்துங்கள்.

‘நேற்று’, ‘இன்று’ என்று எழுதாமல் தேதியும் கிழமையும் போடுங்கள். பெயரின் முன்னெழுத்தை அழைப்பிதழோடு ஒப்பிடுங்கள். காலை நிகழ்ச்சி என்றால் மதியத்துக்குள், எப்படியும் மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மறுநாள் அனுப்பினால் குப்பைக்கூடை. ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே இடம், நேரம், பேசுபவர் மட்டும் ஒரு வரியில் கொடுங்கள்.

படம் ஒன்றோ இரண்டோ போதும். ஒன்பது பேர் வரிசையாக நின்று கேடயத்தைப் பிடிக்கும் படத்தை யாரும் விரும்பிப் போடுவதில்லை. ஆடும் படம், காட்சியில் உறைந்த முகம், கோலத்தின்மேல் குனிந்த கை என்று அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்ப வேண்டும். 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800 புள்ளி அகலம் தேவை. படக்குறிப்பில் ‘இடமிருந்து’ என்று தொடங்கி எல்லாப் பெயரும் இருக்கட்டும்.

செய்திமடலைத் தட்டச்சு செய்து அச்சகத்தில் கொடுத்தால் எழுத்துகள் சிதறுகின்றன. காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகிவிட்டது!
– செய்திமடல் ஆசிரியர் குழு, உசிலம்பட்டி

யூனிகோடில் நீங்கள் அடித்ததை அச்சகத்தார் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார். பாமினி எழுத்துருவில் காற்புள்ளி இருக்க வேண்டிய விசையில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. மாற்றும் செயலி சரியாக மாற்றாமல் விட்ட ஒவ்வொரு காற்புள்ளியும் ‘இ’ ஆகத் தெரியும். ஆங்கில எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக மாறும். மெய்ப்பு பார்க்கும்போது இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள், பிறகுதான் சந்திப்பிழை.

பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது என்பதால்தான் இந்த மாற்றல். அதற்குப் பின் வந்த இன்டிசைன் வைத்திருக்கிற அச்சகமாகப் பார்த்துப் போனால் யூனிகோடையே ஓட்டலாம். ஆனால் அதிலும் ‘கொ’ வில் கொம்பு இடம் மாறி ‘க’வுக்குப் பின்னால் நிற்கும், சில இடத்தில் புள்ளி வட்டம் தெரியும். கோப்பில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒழுங்காகும். பக்கங்களை நான்கின் மடங்காகத் திட்டமிடுங்கள். ஒரு ஏ3 தாளை மடித்தால் நான்கு பக்கம். ஆறு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோனால் இரண்டு பக்கம் விளம்பரம் தேட வேண்டிவரும்.

சிறப்பு மலரில் பல்கலைக்கழக வரலாறு போடுகிறோம். ‘1966இல் காமராசர் பல்கலைக்கழகம் தொடங்கியது’ என்று எழுதலாமா?
– மலர்க் குழு மாணவர், மதுரை

ஆண்டு சரி, பெயர் தப்பு. 1966இல் தொடங்கியபோது அது மதுரைப் பல்கலைக்கழகம். காமராசர் அப்போது உயிரோடு, தீவிர அரசியலில் இருந்தார். அவர் பெயர் 1978இல்தான் சூட்டப்பட்டது. ஆகவே முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரையும், அடுத்து வந்து 1974இல் பதவியில் இருக்கும்போதே மறைந்த மு.வரதராசனாரையும் ‘மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்’ என்றே எழுத வேண்டும். பழைய சான்றிதழ்களைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம்.

மேடை அலங்காரத்துக்கு மதுரை மல்லி போடலாம் என்று ஒரு சாரார். செலவு தாங்குமா?
– விழாக்குழு மாணவிகள், மதுரை

மல்லி மொட்டாகவே பறிக்கப்பட்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காலையில் வருகிறது. சாயங்காலம்தான் வாய் திறக்கும். காலை 10 மணி விழாவுக்கு மேடையில் தொங்கவிட்டால் பார்வைக்குப் பச்சை கலந்த நூல்போலத் தெரியும், மணமும் வராது. வெள்ளைப் பின்திரைக்கு முன்னால் சுத்தமாகக் காணாமலே போகும். மாலை 6 மணி விழா என்றால் மணம் கூட்டத்தைத் தூக்கும். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை தாறுமாறாக ஏறும், அதிலும் முகூர்த்தம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேடைக்குச் செண்டுமல்லியும் சம்பங்கியும் போடுங்கள், விளக்குச் சூட்டையும் தாங்கும். மல்லியைச் சரமாகக் கட்டி வரவேற்பு மேசையில் வையுங்கள். இருநூறு பேருக்கு ஆளுக்கு ஒரு முழம் என்று கணக்குப் போடாமல், முன்னரே தொடுத்த பந்தாக வாங்கி அங்கேயே அரை முழமாக நறுக்கிக் கொடுத்தால் பாதிச் செலவு. ஈரத்துணியில் சுற்றி, வாழை இலைமேல், நிழலில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மதியத்துக்குள் வியர்த்துப் பழுப்பேறிவிடும்.